பெயர் தேய்ந்துபோன நாய்

"பேர் தேஞ்சு போச்சுன்னா, அது என்ன செருப்பா தேயறதுக்கு?"

"உனக்குப் புரியாததெல்லாம் உனக்குச் செருப்புதான். பத்து நாள் வந்துச்சா இல்லையா? கூப்பிட்ட உடனே வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. நான் இல்லைன்னா சொன்னேன்? பதினோராம் நாள் ஏன் வரலைன்னுதான்—"

"அதான் சொல்றேனே, தேஞ்சு போச்சு! கூப்பிடக் கூப்பிடத் தேயும். ஒலி இல்லையா அது?"

"உங்க அம்மா வெச்ச பேர் அம்பது வருஷமா தேயாம இருக்கே. அது எந்தக் கடையில வாங்கினாங்க?"

கணவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்தார். மேசைக்கு அடியில் படுத்திருந்த அவர்கள் நாய் பட்டாணி, ஒரு காதைத் தூக்கி ஒரு காதைத் தொங்கவிட்டு இருவரையும் பார்த்தது. இந்த வீட்டில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி தன்னைப் பற்றித்தான் என்பது அதற்குத் தெரியும். பெருமையாகவும் இருந்திருக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் மனைவி. "மைதானத்துல அது ஓடிட்டு இருக்கு. நீங்க கூப்பிடறீங்க. வருது. வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவாங்க? சங்கிலிய மாட்டுவேன். இவ்வளவு நேரம் எங்கடா போனேன்னு நாலு வார்த்தை சொல்லுவேன். வீட்டுக்கு இழுத்துட்டு வருவேன்."

"தினமுமா?"

"தினமும்தான். இதுல என்ன ஆராய்ச்சி உனக்கு?"

மனைவி சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தான் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்துவரும் பிழை அது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருட அனுபவம். வேலையில் அவரைப்போல ஒரு சந்தேகப் பேர்வழியைப் பார்க்க முடியாது. நேற்று மாட்டிய புத்தம்புதுக் கம்பிவடத்தையும் இன்றைக்கு அளவுகோல் வைத்து அளப்பார். "நல்லா இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், "யாரு பார்த்தா? எப்போ பார்த்தா?" என்பார். எதையும் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அப்படிப்பட்டவர், வேலை முடிந்து கருவிப்பையைக் கழற்றி வாசலில் வைக்கும்போது மூளையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். மறுநாள் காலை இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார்.

பட்டாணியிடம் வேறு குறை கிடையாது. கடிக்காது, திருடாது, விருந்தாளி வந்தால் வாலை ஆட்டும். நடைக்கும் சமர்த்தாகப் போகும். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் சங்கிலியைக் கழற்றிவிட்டால் சந்தோஷமாக ஓடும். திரும்பி வருவதுதான் தகராறு. "பட்டாணி!" என்றால் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். 'கேட்டது, நன்றி' என்பதுபோல ஒரு பார்வை. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஒருமுறை வாசல் கதவு வழியாகச் சாலைக்கு ஓடி, ஒரு சைக்கிள்காரரை விழவைத்தது. இன்னொருமுறை குடியிருப்புச் செயலாளர் காயப்போட்டிருந்த கோட்டோடு ஊர்வலம் போனது.

செயலாளர் நோட்டீஸ் அடித்தார். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி முன்னிலையில், கூப்பிட்டால் நாய் வரவேண்டும். வராவிட்டால் குடியிருப்பை விட்டு நாய் வெளியேறவேண்டும். வெளியேறினால் போவதற்கு ஒரே இடம், கணவருடைய தம்பியின் சரக்குக் கிடங்கு. அங்கே ஒரு இரும்புக் கம்பம் உண்டு, மூன்று முழச் சங்கிலியும் உண்டு. அந்தக் கம்பத்தை அவர் பார்த்திருக்கிறார். அதைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது, முன்னால் இருந்த நாய் நடந்து நடந்து போட்ட வட்டம். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. மனிதன் நம்பக்கூடாததை நம்புவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான். ஏமாற்றுபவர்களுக்கும் அது தெரியும்.

அப்போதுதான் ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது: பெயர்க்கட்டு ஐயா வந்திருக்கிறார்! கூப்பிட்டால் வராத பிராணியைப் புதுப் பெயர் கட்டி வரவைப்பாராம்.

சைக்கிள் கடைக்கு மேலே, பழைய போட்டோ ஸ்டுடியோ இருந்த அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். காலை ஆறு மணிக்கே படிக்கட்டு முழுக்க நாய்களும் நாய்க்காரர்களும். ஒருவர் பூனையோடு வந்திருந்தார். ஒரு அம்மாள் எந்தப் பிராணியும் இல்லாமல், தன் மகனுடைய போட்டோவை மட்டும் எடுத்துவந்திருந்தார். "வெளிநாட்டுல இருக்கான். கூப்பிட்டா வர்றதில்ல" என்றார். ஐயா அதையும் வாங்கி வைத்துக்கொண்டாராம். போன வருடம் இதே ஐயா பக்கத்து ஊரில் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். யார் காதில் விழும்? எல்லாக் காதும் மாடியை நோக்கியல்லவா இருந்தது.

"நாயோட பேரு?" என்று கேட்டார் ஐயா, கண்ணை மூடிக்கொண்டு.

"பட்டாணிங்க."

ஐயாவுக்கு முள் குத்தியதுபோல முகம் சுருங்கியது. "பட்டாணி! பட்டாணி என்ன செய்யும்?"

"என்னங்க செய்யும்?"

"உருளும். உருண்டு உருண்டு போய்க்கிட்டே இருக்கும். எந்தப் பட்டாணியாவது திரும்பி வந்து பார்த்திருக்கீங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் யோசித்தார். வந்ததில்லைதான். ஒரே நொடியில் அவருக்குப் பிரபஞ்சம் விளங்கிவிட்டது.

ஐயா குனிந்து பட்டாணியின் தூக்கிய காதில் ஏதோ ஓதினார். பட்டாணி காதைச் சொடுக்கிக்கொண்டது. பிறகு அவருடைய உள்ளங்கையை நக்கோ நக்கென்று நக்கியது. "பார்த்தீங்களா, பேர் உள்ள இறங்கிடுச்சு" என்றார். அந்தப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துக் கொடுத்தார்.

"இது உங்களுக்கும் நாய்க்கும் மட்டும் தெரியணும். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது. கூப்பிடும்போது வெளி ஆளு காதுல விழுந்தா பலம் போயிடும். அதனால உள்ளங்கையால வாயை மூடிக்கிட்டுக் கூப்பிடுங்க. முன்னாடி இந்த ஒலித்தைலத்தைக் கையில தடவிக்கணும். ஒலி கையில ஒட்டி நிக்கும். கூப்பிட்டதும் கையை நாய் பக்கம் நீட்டுங்க. மிச்சத்தை அது பார்த்துக்கும்."

"ஃபீஸுங்க?"

"நான் ஃபீஸ் வாங்கற ஆளா? அன்பளிப்பு." அன்பளிப்பு எவ்வளவு என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு நாள் சம்பளம்.

நாய் வந்தது! உண்மையாகவே வந்தது. அன்று மாலையே மெக்கானிக் தைலத்தைத் தடவி, வாயைப் பொத்தி, முணுமுணுத்து, கையை நீட்டினார். மைதானத்தின் மறுகோடியிலிருந்து பட்டாணி பறந்து வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த உணர்ச்சியிலும் சங்கிலியை மாட்டி நாலு வார்த்தை திட்ட அவர் மறக்கவில்லை.

ஒரே வாரத்தில் மைதானமே மாறிப்போனது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேக்கரி அம்மா, தபால்காரர், இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லோரும் வாயோடும் கன்னத்தோடும் கையைச் சேர்த்து வைத்து முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். பார்ப்பவருக்குப் பல்வலிக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுவிழா என்று தோன்றும்.

பத்தாம் நாள் எல்லோருடைய தைல டப்பாவும் காலியானது. பதினோராம் நாள் எல்லோருடைய நாயின் பெயரும் தேய்ந்துபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை. கேட்ட ஒரே ஆளோடு நடந்த சண்டையைத்தான் நீங்கள் ஆரம்பத்தில் கேட்டீர்கள்.

மெக்கானிக் போய்ப் பெயரைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். புது டப்பாவும் வந்தது. மூன்று நாள் பட்டாணி பறந்து வந்தது. நாலாம் நாள் மாலை வாயைப் பொத்தி முணுமுணுத்துக் கையை நீட்டினால், பட்டாணி நின்று பார்த்தது. 'கேட்டது, நன்றி.' போய்விட்டது.

"டப்பா நிறையத் தைலம் இருக்கே ஐயா!" என்று ஓடினார் மெக்கானிக்.

ஐயா கண்ணை மூடி, திறந்தார். "உங்க வீட்டுல ஒரு சந்தேகம் இருக்கு. பெண் சந்தேகம்."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க!"

கல்யாணமான ஆண்பிள்ளையிடம் இதைச் சொல்ல ஞானதிருஷ்டி எதற்கு? மெக்கானிக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐயாவே நேரில் மைதானத்துக்கு வந்து, கமிட்டி முன்னால், நிரந்தரக் கட்டுப் போடுவதாக முடிவானது. அன்பளிப்பு மும்மடங்கு.

"சந்தோஷம்," என்றாள் மனைவி. "நானும் வர்றேன்."

மனைவியின் வேலையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி, வரிசைப்படுத்தி, சோதித்து எழுதுகிறவள். கணவர் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவதால் காலை நடை அவள் பொறுப்பு. மாலை நடை அவருடையது. காலையில் அவள் நாயை எந்தப் பெயரால் கூப்பிடுகிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. ரகசியப் பெயர்தான் அவளுக்குத் தெரியாதே, அவள் எங்கே கூப்பிடப்போகிறாள் என்று இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பிவிட்டது. பதினோரு நாய்கள், முப்பது நாற்பது மனிதர்கள். செயலாளர் கோப்போடு நாற்காலியில். ஐயா வெள்ளைச் சட்டையில், குடையோடு, மடக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பட்டாணி தூரத்தில் ஒரு பழைய டயரை மோந்து ஆராய்ந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டுச் சோப்பும் கொண்டுவந்து ஐயாவின் முன்னால் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"கை கழுவிட்டுக் கூப்பிடுங்க ஐயா. அவ்வளவுதான்."

"சோப்பு பட்டா ஒலி கெட்டுடும்."

"பேர் வாயில இருக்கா, கையில இருக்கா ஐயா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தலைமையாசிரியர், "கேள்வி நியாயமாத்தான் இருக்கு" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"அம்மா, இதெல்லாம் நம்பிக்கை சமாசாரம். சோதிச்சுப் பார்க்கிற இடத்துல—"

"கழுவுங்க ஐயா!"

கத்தியது மனைவி இல்லை. மெக்கானிக். அவர் முகம் பளபளவென்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஐயாவை முழுசாக நம்பியவர் அவர் ஒருவர்தான். ஐயாகூட அந்த அளவுக்கு நம்பவில்லை. "நல்லா கழுவுங்க ஐயா. முழங்கை வரைக்கும் கழுவுங்க. இன்னியோட இவ வாயை அடைச்சிடணும். நீங்க கூப்பிட்டா என் நாய் வரும். எனக்குத் தெரியும்."

எதிரி கேட்டால் மறுக்கலாம். பக்தன் கேட்டால் என்ன செய்வது? ஐயா கை கழுவினார். கழுவக் கழுவ முகம் வாடியது.

"மறைக்காம, சத்தமா கூப்பிடுங்க," என்றாள் மனைவி. "நிரந்தரமா கட்டப்போற பேர்தானே. தேஞ்சா தேயட்டும்."

ஐயா தொண்டையைச் செருமினார். "ஞானசீலா!"

பட்டாணி டயரை விட்டு நிமிரவில்லை. ஆனால் மனிதர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னது?" என்றார் தலைமையாசிரியர். "ஞானசீலனா? அது என் நாய் பேராச்சே!"

"எங்களுக்கும் அதான் எழுதிக் கொடுத்தாரு," என்றார் தபால்காரர்.

"அட, எங்களோடது பொட்ட நாய்!" என்று கையைத் தட்டினாள் பேக்கரி அம்மா. "அதுக்கும் ஞானசீலனாம்! நான் ஏதோ ஆழமான அர்த்தம் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்."

"ஞானசீலா! ஞானசீலா!" என்று ஐயா கூவிக்கொண்டே இருந்தார். பதினோரு ஞானசீலர்களும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சந்தேகப்படறவங்க ஒருத்தர் இருந்தாலும் சக்தி வேலை செய்யாது," என்றார் ஐயா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"நான் சந்தேகப்பட்டா உங்க வீட்டு ஃபேன் நிக்குமா?" என்றாள் மனைவி. முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்தாள். "என்னங்க, இது உங்க ரெண்டாவது டப்பாவுல இருந்த தைலம். நாலாம் நாள் வழிச்சு எடுத்துட்டு, கால் வெடிப்புக்குப் பூசற களிம்புல ரோஜா சென்ட் ரெண்டு சொட்டு விட்டு வெச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே பேர் தேஞ்சு போச்சு. நீங்க மாறல, பேர் மாறல, நாய் மாறல. மாறினது ஒண்ணுதான்."

ஒரு நேரத்தில் ஒரு உறுப்பை மட்டும் மாற்று, எது பழுது என்று தானே தெரியும்: இருபத்தாறு வருடமாக இதைத்தான் மெக்கானிக் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மனைவி அந்தப் புட்டியிலிருந்து ஒரு விரல் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். கையை மேலே தூக்கினாள்.

"கரண்ட் பில்லு!" என்று கூவினாள்.

டயரைத் தாண்டிப் பட்டாணி வந்தது. பின்னாலேயே மற்றப் பத்தும் வந்தன. சங்கிலியில் இருந்த நாய்கள் சொந்தக்காரர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தன. தலைமையாசிரியர் தம் வாழ்நாளிலேயே அவ்வளவு வேகமாக ஒரு வகுப்புக்குப் போனதில்லை.

"காய்ஞ்ச மீன் தூள், கொழுப்பு. மேலுக்குக் கொஞ்சம் சென்ட்," என்றாள் மனைவி, அத்தனை நாக்குகளுக்கும் நடுவில் கையை நீட்டிக்கொண்டு. "மோந்து பார்த்தா நமக்கே தெரியும். யாரும் மோந்து பார்க்கல, நாயைத் தவிர."

எல்லோரும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தபோது ஐயா நாற்காலியை மடக்கிவிட்டிருந்தார். குடையை விட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார். நடை ஓட்டமானது. அங்கேதான் அவர் தொழிலே அவரைக் காட்டிக்கொடுத்தது. சட்டைப்பை இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கான டப்பாக்கள். மனைவியின் கையை நக்கி முடித்த பதினோரு நாய்களும் காற்றை மோந்தன, அவர் பின்னால் கிளம்பின.

"போ! சூ! போ!" என்று அலறினார் ஐயா. கூப்பிடும் கலையில் கரைகண்டவருக்குத் துரத்தும் கலை தெரியவில்லை. வாசலுக்கு வெளியே சாலை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"உங்க நாயும் போகுது!" என்று எழுந்தார் செயலாளர். "இது மூணாவது தடவையா எழுதிக்கறேன்!"

"டேய்!" என்று கத்தினார் மெக்கானிக். "டேய் பட்டாணி! வாடா இங்க! வந்தியா இல்லையா! தோலை உரிச்சிடுவேன்!"

பட்டாணியின் கால்கள் இன்னும் வேகமாயின. அவருக்கு அந்தக் கிடங்கும், கம்பமும், மண்ணில் தேய்ந்த வட்டமும் கண் முன்னால் வந்துவிட்டன. மனைவி அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வாளியில் கையை முக்கிச் சோப்புப் போட்டு அலம்பினாள். அதற்கு இது நேரமா என்று அவருக்கு உயிரே போயிற்று.

"பட்டாணி," என்றாள் அவள். கத்தவில்லை. சாப்பிட வா என்று சொல்கிற குரல்.

வாசலில் பட்டாணி நின்றது. முன்னால் மீன் வாசனை ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வெறும் குரல். தூக்கிய காது இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு தொங்கிய காதும். பட்டாணி திரும்பியது. வாலை ஆட்டிக்கொண்டு, நேராக, அவள் காலடிக்கு வந்து உட்கார்ந்தது.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். பழக்கதோஷத்தில் கை சங்கிலிக்குப் போனது. மனைவி தட்டிவிட்டாள். நாயின் கழுத்தைச் சொறிந்துகொடுத்து, "போ, விளையாடு" என்றாள். பட்டாணி டயருக்குத் திரும்பிப் போனது.

"திருப்பி அனுப்பிட்டியே!"

"அதான் விஷயமே. நோட்டீஸ் வந்ததுலேருந்து மூணு வாரமா காலையில பத்துத் தடவ கூப்பிடறேன். ஒன்பது தடவ, வந்தா ஒரு துண்டு ஈரல், இல்ல கழுத்துல ரெண்டு சொறி, திரும்ப ஓடுன்னு அனுப்பிடுவேன். ஒரு தடவதான் சங்கிலி. நீங்க ஒரே தடவ கூப்பிடுவீங்க, சங்கிலி மாட்ட. மாட்டிட்டுத் திட்டு வேற. நான் தினமும் உங்களை ஆசையா கூப்பிட்டு, வந்ததும் தலையில குட்டினா நீங்க வருவீங்களா?"

"வந்துட்டுத்தானே இருக்கேன்," என்றார் மெக்கானிக் பரிதாபமாக.

செயலாளர் கோப்பில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். "கூப்பிட்டது. வந்தது. நாய் இருக்கலாம்" என்று படித்துவிட்டு மூடினார். மெக்கானிக் எழுந்து போய் அந்தப் பழைய டயரின் பக்கத்தில் நின்றுகொண்டார். நாயைத் தொடவில்லை, சும்மா நின்றார். பட்டாணி அவர் செருப்பை ஒருமுறை மோந்து பார்த்தது.

சற்று நேரத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாலையிலிருந்து திரும்பினார்கள். நாய்களைத் துரத்திப் பிடித்ததில் எல்லோருக்கும் மூச்சு இரைத்தது. மனைவி வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிளம்பும்போது, அவள் முன்னால் ஒரு வரிசை நின்றிருந்தது. நேற்றுவரை மாடிப்படியில் நின்ற அதே வரிசை, அதே ஒழுங்கு.

முதலில் நின்ற தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"அம்மா, அந்தக் கரண்ட் பில்லுங்கற பேரு எங்க நாய்க்கும் ஒத்துவருமா? இல்ல, தண்ணி பில்லு மாதிரி வேற ஏதாவது நீங்களே பார்த்து ஓதிவிடறீங்களா?"

வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. மனைவி காலி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"சார், நாய் தனக்கு இருக்கற மூக்கை நம்புது. நீங்கல்லாம் கழுத்துக்கு மேல இருக்கறத எப்ப சார் நம்பப் போறீங்க?"